கோபக்காரர் கண்ணுக்குக் கருணை தெரியாது!

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் விரலால் படிக்கிறார்கள். காகிதத்தில் புடைத்து நிற்கும் புள்ளிகளைத் தடவித் தடவிப் பாடமும் படிக்கிறார்கள், கணக்கும் போடுகிறார்கள். கண் தெரியவில்லையே என்று அவர்கள் மூலையில் உட்கார்ந்து விடவில்லை.

இன்னொரு வகைக் குருடு உண்டு. அதற்குப் பள்ளியும் கிடையாது, வைத்தியரும் கிடையாது. கண் இரண்டும் நன்றாகத் தெரியும். ஊசியில் நூல் கோர்க்கலாம். ஆனால் எதிரே நிற்பவன் தன் கூடப் பிறந்தவன் என்பது தெரியாது. நேற்று வரை ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையும் தெரியாது.

அதுதான் கோபத்தினால் வரும் குருடு!

கோபம் எல்லோருக்கும் வருகிறது. இந்துவுக்கும் வருகிறது, முஸ்லிமுக்கும் வருகிறது. கிறிஸ்தவருக்கு வந்தால் மட்டும் அதில் ஒரு சங்கடம் கூடுதலாக உண்டு. தினமும் அவர் சொல்லும் ஜெபம் ஒன்று இருக்கிறது. ஏசுநாதரே கற்றுக் கொடுத்தது. அதில் தன் குற்றத்தை மன்னிக்கும்படி கடவுளைக் கேட்கிறார். அதே மூச்சில், தானும் பிறரை மன்னித்து விட்டதாகச் சொல்லி விடுகிறார். மன்னிக்காமலே அப்படிச் சொன்னால்? கடவுளிடமே பொய்க் கணக்குக் காட்டியது போல ஆகிறது.

அரை கிரவுண்டு நிலம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது. பிறகு தொழிற்பேட்டை வந்தது. டாங்கித் தொழிற்சாலை வந்தது. வேலை தேடித் திருநெல்வேலியில் இருந்தும், வட ஆற்காட்டில் இருந்தும் குடும்பங்கள் வந்தன. அவர்களில் கிறிஸ்தவர்களும் நிறைய. ஓலைக் கொட்டகையில் ஆராதனை நடத்தினார்கள். சம்பளத்தில் பிடித்தம் போக மிச்சம் வைத்து, ஆளுக்கு அரை கிரவுண்டு வாங்கிப் போட்டார்கள்.

இன்று அந்த அரை கிரவுண்டு லட்சக்கணக்கில் போகிறது. அதனால்தான் வினை!

அப்பா இறந்ததும் அண்ணன், தம்பி சண்டை. ‘எனக்குத் தெரியாமல் பத்திரம் முடித்து விட்டான்’ என்கிறார் அண்ணன். ‘அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தது நான்’ என்கிறார் தம்பி. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே கோவிலுக்குத்தான் போகிறார்கள். ஒருவர் இடது பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் வலது பக்கம். ஒருவர் நற்கருணை வாங்கப் போனால், மற்றவர் அவர் திரும்பி வரும் வரை தலையைக் குனிந்து கொள்கிறார். பார்க்கிறவர்கள் உருக்கமான ஜெபம் என்று நினைக்கிறார்கள்!

இதே போலச் சபைக் கமிட்டித் தேர்தலில் பிறந்த கோபம் உண்டு. மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக் கொண்டாள் என்ற கோபம் உண்டு. சீட்டுப் பணம் முழுகிய கோபம் உண்டு.

பொழுது சாய்வதற்குள் கோபத்தை முடித்துக் கொள்ளும்படி எபேசு பட்டணத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதினார். பவுல் காலத்தில் இரவு ஷிப்டு கிடையாது. ஆனால் இங்கே சில வீடுகளில் ஒரே கோபத்தின் மேல் இருபது வருடமாகப் பொழுது சாய்ந்து கொண்டிருக்கிறது.

நிழல் தந்த செடி

கோபம் எப்படிக் கண்ணை மறைக்கிறது? இதைக் காட்டுவதற்கு யோனாவின் கதையை விடப் பொருத்தமான கதை பைபிளில் இல்லை.

யோனா என்றதும் எல்லோருக்கும் மீன்தான் ஞாபகம் வரும். பெரிய மீன் அவரை விழுங்கியது. மூன்று நாள் கழித்துக் கரையில் கக்கியது. ஞாயிறு பள்ளியில் அதோடு கதையை நிறுத்தி விடுகிறார்கள். உண்மையில் கதையே அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

நினிவே என்பது அசீரியர்களின் பட்டணம். இன்றைய ஈராக்கில், மொசூல் நகரத்தை ஒட்டி அதன் இடிபாடுகள் இருக்கின்றன. அசீரியர்கள் கொடியவர்கள். பிடித்த ஊர்களைக் கொளுத்தியவர்கள். யோனாவின் ஜனங்களுக்கு அவர்கள் பெயரைக் கேட்டாலே நடுக்கம். அப்படிப்பட்ட ஊருக்குப் போய் எச்சரிக்கை சொல்லும்படி கடவுள் கட்டளை இட்டார். யோனா எதிர்த் திசையில் கப்பல் ஏறினார்!

பயந்து ஓடினார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பிற்பாடு அவரே காரணம் சொல்கிறார். கடவுள் இரக்கம் உள்ளவர், அவர்களை மன்னித்து விடுவார், அது பிடிக்காமல்தான் ஓடினேன் என்கிறார்.

கவனியுங்கள். யோனாவுக்குக் கடவுளின் கருணை தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். அது தவறான ஆட்களுக்குப் போய் விடுமே என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

கடைசியில் வேண்டா வெறுப்பாக நினிவேக்குப் போனார். இன்னும் 40 நாளில் ஊர் அழியும் என்று அறிவித்தார். ஊர் நடுங்கியது. ராஜாவே சிம்மாசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். ஆடு மாட்டுக்குக் கூடச் சாக்குத் துணி போர்த்தினார்கள். கடவுள் மனம் இரங்கினார். ஊர் தப்பியது.

வேறு ஒரு போதகராக இருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பார். யோனா என்ன செய்தார்? ‘என் உயிரை எடுத்துக் கொள்ளும்’ என்று கடவுளிடம் சண்டைக்கு நின்றார்! மீன் வயிற்றில் தன் உயிர் தப்பியபோது அவர் நன்றி சொல்லிப் பாட்டுப் பாடினார். மற்றவர்கள் உயிர் தப்பியபோது சாகப் போகிறேன் என்றார்.

ஊருக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டுக் கொண்டு, அழிகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். சுள்ளென்று வெயில். கடவுள் ஓர் ஆமணக்குச் செடியை முளைக்கச் செய்து நிழல் கொடுத்தார். யோனாவுக்கு ஒரே ஆனந்தம். மறுநாள் ஒரு பூச்சி செடியை அரித்தது; செடி பட்டுப் போயிற்று. அனல் காற்று அடித்தது. மறுபடியும் கோபம்!

அப்போதுதான் கடவுள் கேட்டார். நீ நடவும் இல்லை; தண்ணீர் ஊற்றவும் இல்லை. ஒரே நாளில் வாடிப் போன செடிக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாய். வலது கை எது, இடது கை எது என்று கூடத் தெரியாத 1,20,000 பேர் அந்த ஊரில் இருக்கிறார்களே. அவர்களுக்காக நான் வருத்தப்படக் கூடாதா? கேள்வியின் பொருள் இதுதான்.

யோனாவின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. நினிவேக்காரர்கள் செய்த அநியாயம் கொஞ்சமா? ஆனால் அந்தக் கோபத்தினால் அவருடைய கண் எப்படி ஆகி விட்டது பாருங்கள். லட்சம் ஜனங்கள் தெரியவில்லை. ஒரு செடி தெரிகிறது!

ஆவடியில் அண்ணன் முகத்தில் விழிக்காதவர், வீட்டு வாசல் முருங்கை காற்றில் சாய்ந்ததற்கு ஒரு வாரம் வருத்தப்படுவார். அவரும் யோனாவின் குடிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கோவிலுக்குள் ஒரு சுவர்

இது தனி மனிதருக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. சபையே கோபத்தில் குருடாவது உண்டு.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் என்ற ஊர். அங்கே கத்தோலிக்கக் கோவில் ஒன்றை விசித்திரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். பீடம் ஒன்று, அதற்கு முன்னால் மண்டபம் இரண்டு. நடுவே சுவர். மேல்சாதி என்று சொல்லிக் கொண்டவர்கள் ஒரு பக்கம். மற்றவர்கள் மறு பக்கம். ஒரே பூசை, ஒரே அப்பம். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது.

1910-ல் அந்தச் சுவரைப் பாதிரியார் கோசானல் இடிக்கச் செய்தார். சுவர் விழுந்ததும் கோபம் எழுந்தது. வழக்குப் போட்டார்கள். சென்னை ஐக்கோர்ட்டு வரை போனார்கள். தோற்றார்கள்.

அவர்கள் எதற்காகக் கோபப்பட்டார்கள்? அவர்களுடைய பீடத்தை யாரும் எடுத்துக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் அதே பீடம் முழுதாகத் தெரிந்தது. அவ்வளவுதான்!

100 நாள் கூலி

ஏசுநாதர் ஒரு வேலைக்காரனின் கதையைச் சொன்னார். அவன் ராஜாவுக்கு 10,000 தாலந்து பாக்கி. ராஜா இரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்தார். வெளியே வந்தவன், தன்னிடம் 100 வெள்ளிக்காசு வாங்கியிருந்த இன்னொரு வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தான்.

தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கமாகச் சொல்லலாம். வெள்ளிக்காசு ஒன்று என்பது ஒரு நாள் கூலி. ஆக 100 நாள் கூலி பாக்கி. அது சின்னத் தொகை அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் சம்பளம்! அதை இழந்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஏசுநாதர் அதை இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு தாலந்துக்குச் சுமார் 6,000 வெள்ளிக்காசு. 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருடம் 300 நாள் உழைத்தால், 2 லட்சம் வருடம் உழைக்க வேண்டும்! அந்த வேலைக்காரனுக்கு 100 நாள் கூலி ஞாபகம் இருந்தது. 2 லட்சம் வருடம் மறந்து போயிற்று. வாசலைத் தாண்டுவதற்குள் மறந்து போயிற்று.

பாரிபடா அம்மையார்

‘எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடந்திருந்தால் தெரியும்’ என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சு. அதனால் நடந்த ஒன்றையே பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் இருந்து 1965-ல் ஒரிசாவுக்கு வந்தவர் கிரகாம் ஸ்டெயின்ஸ். பாரிபடா என்ற ஊரில் குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்தார். அவர் மனைவி கிளாடிஸ். பிள்ளைகள் ஊட்டியில் படித்தார்கள். 1999 ஜனவரி 22-ந் தேதி இரவு, மனோகர்பூர் கிராமத்தில் ஸ்டெயின்ஸ் தம் இரண்டு மகன்களுடன் ஜீப்பில் படுத்துத் தூங்கினார். ஒரு கும்பல் சூழ்ந்து கொண்டு ஜீப்புக்குத் தீ வைத்தது. மூவரும் கருகி இறந்தார்கள். மூத்தவன் பிலிப்புக்கு 10 வயது. இளையவன் திமோத்திக்கு 6 வயது.

கிளாடிசுக்கு மிஞ்சியது மகள் எஸ்தர் மட்டுமே.

அந்த அம்மையார் கொலைகாரர்களை மன்னித்து விட்டதாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகாமல், 2004 வரை அங்கேயே இருந்து அந்த நோயாளிகளைக் கவனித்தார். 2005-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

அவருக்குக் கண்ணீர் இல்லையா? இருந்தது. ஆனால் கோபம் அவர் கண்ணைக் கட்டவில்லை. கட்டியிருந்தால், குஷ்டரோக விடுதியில் இருந்தவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு 2003-ல் மரண தண்டனை விதித்தார்கள். 2005-ல் ஐக்கோர்ட்டு அதை ஆயுள் தண்டனை ஆக்கியது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மன்னிப்பு வேறு, சட்டம் வேறு.

பொறுத்துப் போ என்று சொல்லலாமா?

இதைச் சபைப் பெரியவர்கள் சிலர் தெரிந்து கொள்ள வேண்டும்.

குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறான் ஒருவன். அந்தப் பெண் அழுதுகொண்டு வருகிறாள். ‘மன்னித்து விடம்மா, பொறுத்துப் போ’ என்று ஜெபம் செய்து திருப்பி அனுப்புகிறார்கள். அவன் மறுபடியும் அடிக்கிறான். இது கருணை அல்ல. அவளுடைய கோபத்தைக் கண்டித்தவர்கள், அவனுடைய கோபத்தை ஏன் கண்டிக்கவில்லை? அவள் மனத்தில் அவனை மன்னிக்கலாம். மன்னித்துக்கொண்டே போலீசுக்கும் போகலாம்.

ஏசுநாதரும் கோபப்பட்டிருக்கிறார். கோவிலில் வியாபாரம் செய்தவர்களின் மேசைகளைக் கவிழ்த்தார். ஆனால் அந்தக் கோபத்தை அவர் வீட்டுக்குக் கொண்டு போய்ப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. நாம் கோபத்தைப் பூட்டி வைக்கிறோம். நல்ல நாள் பார்த்து எடுத்துத் துடைத்தும் வைக்கிறோம்!

சிறையில் ஒரு ராக்கி

கேரளத்தில் புல்லுவழி என்ற ஊரில் பிறந்தவர் ராணி மரியா. கன்னியாஸ்திரீ ஆனார். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளைக் கந்துவட்டிப் பிடியில் இருந்து மீட்கப் பாடுபட்டார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ந் தேதி, இந்தூர் போகும் பஸ்சில் அவரைக் குத்திக் கொன்றார்கள். உடம்பில் ஐம்பதுக்கு மேல் காயம்.

குத்தியவன் சமந்தர் சிங். சிறைக்குப் போன அவனுக்கும் கோபம். தன்னைத் தூண்டி விட்டவனை, வெளியே போனதும் தீர்த்து விடுவது என்று இருந்தான். ஒரு சாமியார் சிறைக்கு வந்து அவனோடு பேசிப் பேசி மனத்தை மாற்றினார். 2002-ல் ராணி மரியாவின் சொந்தத் தங்கை, அவரும் கன்னியாஸ்திரீ, சிறைக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டினார். ‘அண்ணா’ என்றார்.

அந்தக் குடும்பமே அவனை விடுதலை செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தது. 2006-ல் வெளியே வந்தான். 2017 நவம்பர் 4-ந் தேதி, ராணி மரியாவுக்கு இந்தூரில் அருளாளர் பட்டம் கொடுத்தார்கள்.

ராணி மரியாவின் தாயாரையும் அவன் சந்தித்தான். வயதான அந்த அம்மாள் அவன் கை இரண்டையும் பிடித்து முத்தமிட்டார். அந்தக் கையில் தன் மகளின் ரத்தம் பட்டிருக்கிறது, அதனால் முத்தமிட்டேன் என்றார்.