நாட்காட்டியில் வாழும் பெயர்கள்

போலந்து நாட்டில் ஆண்டுக்கு ஒரு நாள், அழைப்பு எதுவுமின்றியே ஒருவர் வீட்டுக்கு விருந்துண்ணச் செல்லலாம். வீட்டார் வியப்படையார், பலகாரம் செய்து, மேசை விரித்து, யார் வருவரோ என்று வாயிலை நோக்கியிருப்பர். வருவோர் கையில் பூங்கொத்தும் இனிப்பும் இருக்கும். அது வீட்டுக்குரியவர் பிறந்த நாள் என்று எண்ணிவிடலாகாது. அது அவருடைய பெயருக்குரிய நாள்.

போலிஷ் மொழியில் இதனை 'இமியேனினி' என்பர். நாம் 'பெயர்நாள்' என்று சொல்லிக்கொள்வோம். அந்நாட்டு நாட்காட்டிகளில் ஒவ்வொரு திகதிக்குக் கீழும் சில பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை பெரும்பாலும் அந்நாளுக்குரிய கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்கள். மார்ச் 19 யூசெப். மே 8 ஸ்தானிஸ்வாவ். ஜூன் 24 யான். டிசம்பர் 4 பார்பரா. 'யான்' என்றால் தமிழில் 'நான்' என்பது பொருள்; அவர்களுக்கோ அது நம் கத்தோலிக்கர் அருளப்பர் என்று வழங்கும் புனிதரின் பெயர்.

ஒருவர் பிறந்த நாளை நெருங்கியவர்களே அறிவர். பெயர்நாளையோ நாட்காட்டியைப் பார்க்கும் எவரும் அறிவர். ஆகவே உடன் வேலை செய்பவர், அடுத்த வீட்டார், பழைய பள்ளித் தோழர் யாவரும் வாழ்த்த வரலாம். வயது என்ன என்ற வினா அங்கே எழுவதில்லை. 'ஸ்தோ லாத்' என்னும் வாழ்த்துப் பாட்டைப் பாடுவர். 'நூறு ஆண்டுகள்' என்பது அதன் பொருள். ஒரே பெயருடையோர் பலராதலால், ஒரே மாலையில் ஊரெங்கும் பல வீடுகளில் அப்பாட்டு எழும்.

இவ்வழக்கம் கிறிஸ்தவ சமயத்தோடு வந்தது. 966 ஆம் ஆண்டில் மியெஷ்கோ என்னும் மன்னன் ஞானஸ்நானம் பெற்றான். அதற்கு முன்னர் அம்மக்கள் பொருள் நிறைந்த சொற்களை இணைத்துப் பெயரிட்டனர். பொகுமீல் என்றால் கடவுளுக்கு இனியவன். பொலெஸ்வாவ் என்றால் மிகு புகழ் உடையவன். குழந்தை எப்படி வாழவேண்டும் என்று பெற்றோர் விரும்பினரோ, அவ்விருப்பமே பெயராயிற்று.

ஆண் குழந்தைக்கு ஏறக்குறைய ஏழு வயதில் முதன்முறை முடி கத்தரித்துப் பெயரிடும் சடங்கும் அக்காலத்தில் இருந்தது. 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த போலந்தின் முதல் வரலாற்று நூல் அதனைப் பற்றி ஒரு கதை கூறுகின்றது. பொப்பியேல் என்ற அரசனின் வாயிலில் விரட்டப்பட்ட அயலார் இருவர், பியாஸ்ட் என்னும் ஏழை உழவனின் குடிசைக்கு வந்தனர். அன்று அவன் மகனுக்கு முடி கத்தரிக்கும் நாள். இருந்த சிறிதளவு உணவை உழவன் அவர்கள்முன் வைத்தான். அது குறையாமல் பெருகியது. அவ்விருந்தினரே பிள்ளையின் முடியைக் கத்தரித்து, ஷெமோவித் என்று பெயரிட்டனர். அவன் வழியிலே தோன்றியவனே மன்னன் மியெஷ்கோ. அழைப்பின்றி வந்தவர் பெயரிட்ட பிள்ளையிடமிருந்து அரச குலம் தோன்றியதாகச் சொல்லும் நாட்டில், பெயர்நாளன்று கதவு திறந்திருப்பது பொருத்தமே.

பின்னர் புனிதர் பெயர்கள் மெல்ல மெல்லப் பரவின. கிராமங்களில் குழந்தை 'தன் பெயரைத் தானே கொண்டு வந்தது' என்று சொல்வதுண்டு. பிறந்த நாளுக்கோ அதனை அடுத்த நாள்களுக்கோ உரிய புனிதரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. ஆனால் ஒரு பெயரை மட்டும் இட அஞ்சினர். தேவதாயின் பெயராகிய மரியா மானிடப் பெண்ணுக்கு ஆகாது என்று நெடுங்காலம் கருதினர். 1646 இல் நான்காம் வ்வாதிஸ்வாவ் மன்னனை மணக்க வந்த பிரெஞ்சு நாட்டு மரி லூயிஸ், போலந்தின் அரசியானபோது 'லுத்விகா மரியா' என்று பெயரை மாற்றி அமைத்துக்கொள்ள நேர்ந்தது. இன்றோ மரியா என்பது அங்கே மிகச் சாதாரணமான பெயர்.

வீட்டில் முழுப் பெயரைச் சொல்லி அழைப்பது அரிது. கத்தஜினா 'காஷா' ஆவாள். மவ்கொஜாத்தா 'கோஷா' ஆவாள். யான் 'யாஷ்' ஆவான். நேரே கூப்பிடும்போது அதுவும் திரிந்து, காஷா 'காஷு' என்றாகும். போலிஷ் இலக்கணத்தில் ஏழு வேற்றுமைகள்; ஏழாவது விளி. நம் இலக்கணத்தில் அது எட்டாவது. இவ்விரு மொழியாரும், ஒருவரைப் பற்றிப் பேசும்போது சொல்லும் பெயரும் அவரையே கூவி அழைக்கும் பெயரும் வேறென்று கண்டவர்கள்.

இவையெல்லாம் வெறும் விருந்தும் வேடிக்கையுமாக இருந்திருந்தால் நாம் இவ்வளவு எழுதியிரோம். 1795 ஆம் ஆண்டில் போலந்து உலகப் படத்திலிருந்தே மறைந்தது. ருசியா, புருசியா, ஒஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகள் அதனைப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை, 123 ஆண்டுகள், போலந்து என்றொரு நாடு இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஸ்தானிஸ்வாவும் பொலெஸ்வாவும் இருந்தனர். கவிஞர் ஆதாம் மித்ஸ்கியேவிச் 1823 இல் வெளியிட்ட காவியம் ஒன்றில், கணவனின் கவசத்தை அணிந்து போருக்குச் செல்லும் தலைவிக்குக் 'கிராஜினா' என்று பெயரிட்டார். அவர் புனைந்த அப்பெயரைப் பெற்றோர் தம் பெண்மக்களுக்குச் சூட்டினர். இன்று நாட்காட்டியிலும் அதற்கு இடமுண்டு.

ஆட்சியாளரும் பெயரின் வலிமையை அறிந்தே இருந்தனர். புருசிய ஆட்சியில் வொய்சியெஹ் என்ற பெயர் ஏடுகளில் அடால்பர்ட் ஆயிற்று. சைலீசியாவில் 1873 இல் பிறந்து அடால்பர்ட் எனப் பதியப்பெற்ற கொர்பான்டி என்பவர், வளர்ந்தபின் வொய்சியெஹ் என்ற பெயரையே தமதாக்கிக்கொண்டார். அப்பெயருடனேயே அவர் அம்மக்களின் தலைவராக வரலாற்றில் நிற்கின்றார்.

இதனினும் கொடியது இரண்டாம் உலகப் போரில் நிகழ்ந்தது. நாஜிகள் ஆயிரக்கணக்கான போலந்துக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து, ஜேர்மன் குடும்பங்களில் வளர்க்கக் கொண்டு சென்றனர். முதலில் அவர்கள் பறித்தவற்றுள் ஒன்று பெயர். புதிய ஜேர்மன் பெயரும் பொய்யான பிறப்புப் பத்திரமும் கொடுத்தனர். தாய்மொழியைப் பேசவிடாது தடுத்தனர். போர் முடிந்தபின் தாய்மார் தேடினர். ஆனால் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது? குழந்தைக்கோ தன் பழைய பெயர் நினைவில் இல்லை. பலர் வீடு திரும்பவேயில்லை. 1947 இல் நூரம்பேர்க்கில் தொடங்கிய வழக்கொன்றில் இக்கொடுமையும் குற்றமாக விசாரிக்கப்பட்டது.

இன்று அங்கே பிறக்கும் குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். இரண்டு பெயர்களுக்கு மேல் இடலாகாது. நகைப்புக்கிடமான பெயரும் ஆகாது. 2015 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அயல்நாட்டுப் பெயர்களுக்கும் இடம் தந்தது. இளைஞர் பலர் இப்போது பிறந்த நாளையே பெரிதாகக் கொண்டாடுகின்றனர். எனினும் டிசம்பர் 4 இல், பார்பராவைத் தம் காவலாகக் கொண்ட சைலீசியச் சுரங்கத் தொழிலாளர் இறகு சூடிய தொப்பியணிந்து, வாத்தியம் முழங்க வீதியில் வருகின்றனர். அன்றே பார்பரா என்னும் பெயருடைய பாட்டிமார் பலர் பலகாரம் செய்து வாயிலை நோக்கியிருக்கின்றனர்.

பிறந்த நாள் நமக்கு உரியது. பெயரோ நம்மை அழைப்பவர்க்கு உரியது. நம் பெயரை நம்மைவிட மிகுதியாகப் பிறரே சொல்கின்றனர். சொல்ல ஒருவருமில்லாதபோது அது தேய்ந்து மறைகின்றது என்பதைப் பெயர் பறிக்கப்பட்ட அக்குழந்தைகளின் கதை காட்டுகின்றது. மாணவ மணிகளே, உங்கள் பெயரை இட்டவர் யார், ஏன் இட்டார் என்று இன்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சொல்லக்கூடியவர் அருகில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நன்று.