‘தொடர்புப் பிழை’ என்னும் பொய்

ஆலையின் தலைமைக் கணினித் திரையில் ‘தொடர்புப் பிழை’ என்ற ஒற்றைச் செய்தி தோன்றும் வேளைகள் பலவற்றில் தொடர்பு பழுதின்றியே நடந்திருக்கும். முனையக் கருவி கேள்வியைப் பெற்று, காரணத்தோடு மறுப்பும் அனுப்பியிருக்கும். அந்தக் காரணத்தை விழுங்கியது மென்பொருள். கேபிளைக் கழற்றி மாட்டி அலைபவர் தொழிலாளி.

1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்டு, இன்றும் ஆலைகளில் பரவலாகப் புழங்கும் மோட்பஸ் நெறிமுறையே இதற்குச் சான்று. கோரிக்கையை நிறைவேற்ற இயலாத கருவி, அக்கோரிக்கையின் செயல் எண்ணில் உச்ச பிட்டை 1 ஆக்கி, ஒரு பிழைக்குறியையும் சேர்த்து அனுப்பும். 01 என்றால் அச்செயலைக் கருவி அறியாது. 02 என்றால் அம்முகவரி அதனிடம் இல்லை. 04 என்றால் கருவியிலேயே கோளாறு. 06 என்றால் வேறு பணியில் இருக்கிறது, பிறகு கேட்க வேண்டும். 05 பிழையே அன்று: கோரிக்கை ஏற்கப்பட்டது, நேரமாகும் என்ற அறிவிப்பு. இவை அனைத்தையும் ஒரே சொல்லில் அடைப்பதை எளிமை என்று அழைப்பது தகாது.

மௌனத்துக்கும் இந்நெறிமுறையில் பொருள் உண்டு. சிஆர்சி சரிபார்ப்பில் தவறிய செய்திக்குக் கருவி விடையளிக்காது. முகவரிப் பகுதியே சிதைந்திருக்கக்கூடும்; தன்னை அழைத்தார்களா என்று தெரியாத நிலையில் பேசினால், ஒரே கம்பியில் குரல்கள் மோதும். ஆயினும் இத்தகைய சிதைவுகளைக் கருவி எண்ணி வைக்கலாம். செயல் எண் 08 வழியே அந்தக் கணக்கைக் கேட்டுப் பெற நெறிமுறை இடமளிக்கிறது. அறுந்த கம்பியையும் இரைச்சல் மிகுந்த கம்பியையும் பிரித்தறிய உதவும் அந்தக் கேள்வியைக் கேட்காத மென்பொருள், மௌனத்தின் மீது பழிபோட உரிமையற்றது.

‘இது பொறியியல், மொழியியலுக்கு இங்கே என்ன வேலை?’ என்பது வழக்கமான எதிர்வாதம். அதற்குப் பிழைக்குறி 03 விடை சொல்லும். அதன் பெயர் ‘செல்லாத தரவு மதிப்பு’. கொதிகலனின் வெப்பநிலைக்குப் பொருந்தாத எண்ணை எழுத முயன்றதால் வந்த மறுப்பு என்றே பெயரைப் படிப்பவர் கொள்வார். நெறிமுறை ஆவணமோ அப்பொருளை வெளிப்படையாக மறுக்கிறது: பதிவகத்தில் எழுதப்படும் எண்ணின் பயன்பாட்டுப் பொருள் நெறிமுறைக்குத் தெரியாது, 03 சுட்டுவது கோரிக்கையின் அமைப்பிலுள்ள குறையை. ஒரே கோரிக்கையில் 125 பதிவகங்கள் வரை படிக்கலாம். 126 கேட்டால் 03 வரும். தொடரமைப்புக் குறைக்குப் பொருண்மையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். தொடரியலையும் பொருண்மையியலையும் பிரித்துப் பார்ப்பது மொழியியலின் அரிச்சுவடி.

‘இயக்குபவருக்கு இவ்வளவு விவரம் எதற்கு?’ என்போர், பழுது நீக்கும் பொறுப்பை மட்டும் அவரிடமே விடுகிறார்கள். அறியும் உரிமையின்றிப் பொறுப்பைச் சுமத்துவது அநீதி.

ஆகவே மௌனம், மறுப்பு, தாமதம் ஆகிய மூன்றும் திரையில் தனித்தனியே தோன்ற வேண்டும். கருவியின் முகவரியும் பிழைக்குறியும் மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். விளக்கம் ஆலையில் பேசும் மொழியில் அமைய வேண்டும். பொறியியல் துறைகள் பிழைச்செய்தி எழுதுவதைப் பாடமாக்கட்டும்; மொழியியல் துறைகள் அதை ஆய்வுப் பொருளாக ஏற்கட்டும். கருவி சொன்ன காரணத்தைக் கேட்கும் உரிமை, அதைப் பழுதுபார்ப்பவருக்கு உண்டு.