ஷூ தைக்க நம்ம ஆள். விற்கவும் நம்ம ஆள் வேண்டும்!

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31-ந்தேதி படித் திருவிழாவுக்கும் ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள். எல்லோரும் வெறுங்காலோடுதான்! செருப்பும் ஷூவும் அடிவாரத்தோடு சரி.

ஷூ விற்க வருகிற கம்பெனிக்காரர்கள் அந்த அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் கழற்று, கோவில் வாசலில் கழற்று, கல்யாண வீட்டில் கழற்று என்பது நம்ம வழக்கம். குனிந்து நாடா அவிழ்க்கிற ஷூவை விட, சட்டென்று கழற்றி மாட்டுகிற சரக்குத்தான் இங்கே சுலபம். வெளிநாட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

அதனால்தான் சொல்கிறோம். அந்நிய கம்பெனி இங்கே கடை விரிக்க வந்தால், உள்ளூர் ஆளைத் தலைமை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைத்தால் மட்டும் போதாது. அதிகாரமும் கொடுக்க வேண்டும்!

பூமா செய்த காரியம்

அடிடாஸ், பூமா இரண்டும் ஜெர்மனியில் ஒரே சிற்றூரில் பிறந்தவை. ஒன்றாகத் தொழில் செய்த அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அண்ணன் ருடால்ஃப் டாஸ்லர் 1948-ல் பூமாவைத் தொடங்கினார். தம்பி அடால்ஃப் 1949-ல் அடிடாஸைப் பதிவு செய்தார்.

இந்த மாதிரி கம்பெனிகள் முதலில் இங்கே நேராக வரவில்லை. பெயரை மட்டும் இரவல் கொடுத்து, உள்ளூர் கம்பெனியை விற்கச் சொன்னார்கள். அடிடாஸ் 1989-ல் பாட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தது.

பிறகு பூமா வேறு வழியில் போனது. 2005-ல் பெங்களூரில் சொந்தக் கம்பெனி தொடங்கி, ராஜீவ் மேத்தா என்ற இந்தியரைத் தலைமையில் வைத்தது. ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்த அபிஷேக் கங்குலி, 2014-ல் நிர்வாக இயக்குனர் ஆனார். 2023 வரை இருந்தார். பிந்தி வந்த பூமா, இந்தியாவின் முன்னணி விளையாட்டு ஷூ கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது.

பூமா பிறந்த ஊரில் கால்பந்து என்றால் உயிர். இங்கேயோ தெருவுக்குத் தெரு கிரிக்கெட்! 2017-ல் விராட் கோலியை 8 ஆண்டு ஒப்பந்தத்தில் பிடித்தது பூமா. எந்த ஊரில் எந்த ஆட்டத்தைக் காட்டி விற்பது என்பது, அந்த ஊரில் வளர்ந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கங்குலி அதோடு நிற்கவில்லை. 2023-ல் வெளியே வந்து 'அஜிலிடாஸ்' என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். அந்நிய கம்பெனியில் கற்ற தொழில், நம்ம நாட்டில் ஒரு கம்பெனியாக முளைத்தது.

பாட்டா கதை இன்னும் சுவாரசியம். இந்தியப் பிரிவின் தலைவராக இருந்த சந்தீப் கட்டாரியாவை, 2020-ல் உலக பாட்டாவுக்கே தலைவராக்கினார்கள்!

போட்டோவுக்கு ஒரு அதிகாரி

எல்லாக் கம்பெனியும் இப்படியா? இல்லை! உள்ளூர்க்காரரை வேலைக்கு எடுப்பார்கள். மாலை போட்டு போட்டோ பிடிப்பார்கள். விலையை வெளிநாட்டில் முடிவு செய்வார்கள். எந்த அளவு ஷூ எத்தனை ஜோடி என்பதையும் அங்கேயே முடிவு செய்வார்கள். இவர் கையெழுத்துப் போட மட்டும்!

பள்ளிக்கூட ஷூ ஜூன் மாதத்துக்கு முன்னால் கடைக்கு வர வேண்டும். தீபாவளிச் சரக்கு புரட்டாசியிலேயே இறங்க வேண்டும். "அப்புறம் வந்து யாருக்குங்க விற்கிறது?" என்று கடைக்காரர் கேட்டால், "மேலே எழுதியிருக்கேன், பதில் வரலை" என்று சொல்கிற அதிகாரியால் யாருக்கு லாபம்?

இரண்டு மொழி இருக்கே!

சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி., விநாயகம் ஆகியோர் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ந்தேதி நம்மோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் நாக்கு மாறவில்லை. தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் முடிக்கிற கடைக்காரர்கள் இங்கே சர்வசாதாரணம். சென்னைக்கும் பேசுவார்கள், திருப்பதிக்கும் பேசுவார்கள்.

இரண்டு மாநிலத்தில் சரக்கு விற்க நினைக்கிற கம்பெனிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இங்கிலீஷ் வருமா என்றுதான் கேட்கிறார்கள். தெலுங்கு வருமா என்று யார் கேட்கிறார்கள்?

தையல் மட்டும் போதுமா?

செய்யாறு சிப்காட்டில் நைக்கி ஷூ தயாராகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தடா அருகே அடிடாஸ் ஷூ தயாராகிறது. அரக்கோணத்தை அடுத்த பணப்பாக்கத்தில் தைவான் நாட்டு ஹாங்ஃபூ கம்பெனியின் ஷூ தொழிற்சாலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். இந்த மாதிரி தொழிற்சாலைகளில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் நம்ம வட்டாரப் பெண்கள். அந்தச் சம்பளத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. வரவேற்போம்!

ஆனால் தைக்கிற கூலி ஒரு பக்கம், விற்கிற லாபம் ஒரு பக்கம். விலை வைப்பது, விளம்பரம் செய்வது, ஏஜென்சி கொடுப்பது எல்லாம் விற்கிற பக்கத்தில் இருக்கிறது. பெரிய சம்பளமும் அங்கேதான். நம்ம பிள்ளைகள் அந்தப் பக்கமும் போக வேண்டாமா?

"திறமைக்குத்தானே வேலை? ஊர் பார்த்தா கொடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து நாற்காலி கொடுக்கச் சொல்லவில்லை. எங்கே பிறந்திருந்தாலும் சரி, கடைவீதியில் நின்று விற்றவராக இருக்கட்டும். ஊரை அறிவதும் திறமையில் சேர்த்திதான்.

இது நமக்கும் பொருந்தும். நாளைக்குத் திருப்பூர்க்காரர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் ஜெர்மனியில் பனியன் விற்கப் போனால், அங்கே ஜெர்மன்காரரைத்தான் மேனேஜராக வைக்க வேண்டும். இங்கிருந்து மைத்துனரை அனுப்பினால் சரக்கு குடோனில் தூங்கும்!

கம்பெனிகளுக்கு நாம் சொல்வது இதுதான். தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க நம்ம ஊருக்கு வருகிறீர்கள். விற்பனைப் பிரிவுக்கும் இங்கேயே நேர்முகத் தேர்வு வையுங்கள். கல்லூரிகள் கடைசி வருட மாணவர்களை நாலு மாதம் கடைகளுக்கு அனுப்பட்டும். கல்லாவில் உட்கார்ந்து தொழில் கற்ற கடைக்காரர் மகனும் மகளும், "நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்காமல் மனுப் போடட்டும்!