மாணவன் என்ற அடையாளம் எங்கே செல்லுபடியாகும்?

புலம்பெயர் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பயிலும் எம்மவர் பிள்ளைகள் பலரிடம் ஐ.எஸ்.ஐ.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச மாணவர் அடையாள அட்டையைக் காணலாம். இலங்கையில் கற்போரிடையே இது அவ்வளவாக அறிமுகமாகவில்லை. நான் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் இப்படியொன்று உண்டென்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. இந்த அட்டையை எடுத்துவிட்டால் வெளிநாட்டுப் பயணம் சுலபமாகிவிடும் என்ற பேச்சு பெற்றோர் மத்தியில் அடிபடுகிறது. அதனால்தான் இதைப்பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

இந்த அட்டை தோன்றியது 1953ஆம் ஆண்டில். உலகப்போர் முடிந்து எட்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. முன்னர் எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகளின் இளைஞர்கள் ஒருவர் ஊருக்கு மற்றவர் போய்வர வேண்டும், கையில் பணமில்லை என்பதற்காக அது தடைப்படக்கூடாது என்ற எண்ணத்தில் மாணவர் பயண அமைப்புகள் கூடி இதனை உருவாக்கின. 1968 முதல் யுனெஸ்கோவின் அங்கீகாரமும் இதற்கு உண்டு. முழுநேர மாணவராக இருப்பதை நிரூபித்தால் போதும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்ற கேள்வி இல்லை, மேல் வயதெல்லையும் இல்லை. நாற்பது வயதில் முழுநேரமாக முதுகலை பயில்பவரும் இதைப் பெறலாம். முழுநேர ஆசிரியர்களுக்கென ஐ.ரி.ஐ.சி. என்ற தனி அட்டையும், மாணவரல்லாத இளைஞருக்கு இன்னொன்றும் உள்ளன.

பயன் என்ன? அரும்பொருட்காட்சியகம், திரையரங்கு, தங்குவிடுதி, பஸ், ரயில் எனப் பலவற்றில் கட்டணக் கழிவு கிடைக்கும். சில விமானச் சேவைகள் மாணவருக்கென நெகிழ்வான பயணச்சீட்டும் மேலதிகப் பொதியும் தருகின்றன. ஆனால் அட்டையின் பொற்காலம் கடந்துவிட்டது என்பதே என் மதிப்பீடு. 1970களில் அவுஸ்திரேலியாவில் தொடங்கி உலகெங்கும் கிளை பரப்பிய எஸ்.ரி.ஏ. டிரவல் என்ற மாணவர் பயண முகவர் நிறுவனம் 2020 ஓகஸ்டில், கொரோனா முடக்கத்தின் நடுவே, கடன் தீர்க்க முடியாமல் வீழ்ந்தது. அதன் கருமபீடங்களில் இந்த அட்டையைப் பெற்று, அங்கேயே மலிவான பயணச்சீட்டையும் வாங்கிச் சென்றது ஒரு தலைமுறை. இன்று மலிவான பயணச்சீட்டைக் கைத்தொலைபேசியிலேயே தேடிக்கொள்ளலாம். அதற்கு மாணவனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இவையெல்லாம் சில்லறை விடயங்கள். மாணவன் என்ற அடையாளத்தை மற்றவர்கள் எங்கே மதிக்கிறார்கள், எங்கே மதிக்க மறுக்கிறார்கள் என்பதுதான் பெரிய விடயம்.

பாரிஸ் நகரின் லூவ்ர் அரும்பொருட்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியப் பொருளாதார வலய நாடொன்றில் வதியும், 26 வயதுக்குக் குறைந்த எவரும் அங்கே இலவசமாக நுழையலாம். அவர் மாணவரா என்று கேட்பதில்லை. வெளியிலிருந்து வருபவர் 18 வயதைத் தாண்டியவராயின் பணம் செலுத்த வேண்டும். 2026 ஜனவரியில் அந்த வலயத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கான கட்டணம் 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்த்தப்பட்டது. லா சப்பல் பகுதியில் வதிவிட அனுமதியோடு வாழும் இருபது வயது இளைஞர் ஒருவர் பணமின்றி உள்ளே போகிறார். அவரைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவரது சித்தப்பாவின் மகன், அதே வயது, பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பயில்பவர், வாசலில் 32 யூரோ எண்ணிக் கொடுக்க வேண்டும். எமது ரூபாவில் அது என்ன தொகை என்பதை வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

பிரான்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சீகிரியாவில் நாமும் வெளிநாட்டவரிடம் டொலரிலும் உள்ளூரவரிடம் ரூபாவிலும் அறவிடுகிறோம். இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண முறையோ வேறொரு விசித்திரத்தைக் காட்டுகிறது. சார்க் நாட்டவரிடம் அந்தத் துறை இந்தியரிடம் வாங்கும் கட்டணத்தையே வாங்குகிறது. மாமல்லபுரத்தில் இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டினால் 40 இந்திய ரூபா. கனடாவில் பிறந்து கனேடியக் கடவுச்சீட்டுடன் பல்லவர் சிற்பங்களைப் பார்க்கப் போகும் எம்மவர் பிள்ளைக்கு 600 ரூபா. பாரிஸில் வென்றவர் மாமல்லையில் தோற்கிறார். இரண்டு இடத்திலும் அவர்கள் மாணவர்கள் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

இனி விசாவுக்கு வருவோம். எத்தனை சலுகை அட்டை இருந்தாலும் விசா இல்லாமல் கட்டுநாயக்காவைத் தாண்ட முடியாது. இந்த அட்டை பயண ஆவணமுமல்ல, விசா விண்ணப்பத்துக்கு வலுச்சேர்க்கும் சான்றுமல்ல. அப்படிச் சொல்லி அதை விற்க முனைபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2024 ஜூன் 11 முதல் ஷெங்கன் நாடுகளுக்கான குறுங்கால விசாக் கட்டணம் வயதுவந்தோருக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பி வராது. ஓர் ஆண்டு முழுவதும் அட்டையைக் காட்டிச் சேமிக்கக்கூடிய தொகை இந்த ஒரே வாசலில் கரைந்துவிடும்.

ஆனால் இங்கேதான் எம்மில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு சலுகை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விசாச் சட்டக்கோவையின் 16ஆவது உறுப்புரையின்படி கல்விக்காகவோ கல்வி சார்ந்த பயிற்சிக்காகவோ செல்லும் பாடசாலைப் பிள்ளைகள், பல்கலைக்கழக மாணவர்கள், பட்டப்பின் மாணவர்கள், அவர்களோடு துணை செல்லும் ஆசிரியர்கள் ஆகியோரிடம் விசாக் கட்டணம் அறவிடப்படக்கூடாது. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு, அதைச் செலுத்தத்தான் வேண்டியிருக்கும். உல்லாசப் பயணியாக விண்ணப்பிக்கும் மாணவருக்கும் இது பொருந்தாது. என்றாலும் அழைப்புக் கடிதத்தில் பயணத்தின் நோக்கம் கல்வி என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தால், இருபது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொண்ட ஒரு குழுவுக்கு மிச்சமாகும் தொகை சிறியதல்ல. எந்தச் சலுகை அட்டையும் இதற்கு ஈடாகாது.

கட்டணம் தள்ளுபடியானாலும் சந்தேகம் தள்ளுபடியாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காட்சியகத்தின் வாசலில் மாணவர் என்றால் வருமானமில்லாதவர், ஆகவே கட்டணத்தைக் குறைப்போம் என்கிறார்கள். விசா அலுவலகத்தில் மாணவர் என்றால் வருமானமில்லாதவர், ஆகவே திரும்பி வரமாட்டார் என்று எண்ணுகிறார்கள். வங்கிக் கணக்கு எங்கே, காணி உறுதி எங்கே, நிரந்தரத் தொழில் எங்கே என்ற கேள்விகளுக்கு இருபத்தொரு வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? அட்டையின் உரிமையாளர் ஒருவர்தான். பார்ப்பவரைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது.

எமக்கு இது புதிதல்ல. யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் தேசிய அடையாள அட்டையோடு பல்கலைக்கழக அட்டையையும் சேர்த்து நீட்டியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு சாவடியில் அது உதவியது, அடுத்த சாவடியில் அதுவே மேலதிக விசாரணைக்குக் காரணமாயிற்று. ஆசிரியர்களின் கதை இன்னும் வேடிக்கையானது. அரச ஊழியர் என்ற வகையில் அவர்களுக்குப் புகையிரத ஆணைச்சீட்டு உண்டு. ஆசிரியர் ஓய்வறைகளில் அதனை 'வொறண்ட்' என்றே சொல்வார்கள். யாழ்தேவி 1990இல் குடாநாட்டுக்கு வருவது நின்றுபோய், 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் வடபகுதி ஆசிரியரிடம் சலுகை இருந்தது, அவரது ஊரில் தண்டவாளம் இருக்கவில்லை.

தெற்காசியாவில் இதற்கு ஒரு வழி எப்போதோ திறக்கப்பட்டிருக்கலாம். 1988இல் இஸ்லாமாபாத் உச்சிமாநாட்டில் எடுத்த தீர்மானத்தின்படி 1992 முதல் சார்க் விசா விலக்குத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் 24 வகையினர் உள்ளனர். உயர் நீதிமன்ற நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உயர் அதிகாரிகள், வர்த்தகர்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருடன் பத்திரிகையாளர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். என் தொழிலுக்கு இடமளித்த அந்தப் பட்டியலில் வகுப்பறை ஆசிரியருக்கும் சாதாரண மாணவருக்கும் இடமில்லை. மக்களுக்கிடையிலான தொடர்பை வளர்ப்பதற்கென்றே உருவாக்கிய திட்டம் என்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சந்தித்து என்ன வளர்ந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. 2014இல் காத்மண்டுவில் கூடிய பின்னர் சார்க் தலைவர்கள் உச்சிமாநாட்டுக்காக மீண்டும் கூடவேயில்லை. ஆதலால் அந்தப் பட்டியல் நீளும் என்று காத்திருப்பது வீண்.

ஒப்பிட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1987இல் எராஸ்மஸ் திட்டத்தைத் தொடங்கி மாணவரை நாடுவிட்டு நாடு அனுப்பிப் படிக்க வைத்தது. 2018 முதல் பதினெட்டு வயதினரில் தெரிவு செய்யப்படுவோருக்கு இலவச ரயில் அனுமதிச்சீட்டே கொடுக்கிறது. அங்கே எல்லையை முதலில் தளர்த்தினார்கள். அதனால் சலுகைக்குப் பொருள் கிடைத்தது.

இந்தியாவும் இலங்கையும் இருதரப்பாகவே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு காலத்தில் தலைமன்னார் வழியாகக் கப்பலேறிச் சென்னையிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்துத் திரும்பியவர்கள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளை நடத்தினார்கள். இன்று பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்ற கப்பல் சேவை 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. பாதை இருக்கிறது. பல்கலைக்கழகப் பதிவாளரோ பாடசாலை அதிபரோ உறுதிப்படுத்தும் மாணவர், ஆசிரியர் குழுவுக்கு ஒரே விண்ணப்பத்தில், கட்டணமின்றி, இரு வாரங்களுக்கு ஒரு குழு விசா என்பது இரு வெளிவிவகார அமைச்சுகளும் ஒரு பிற்பகலில் பேசி முடிக்கக்கூடிய காரியம். வட மாகாணத்து அரசியல்வாதிகள் புதுடில்லிக்குச் செல்லும்போது கையளிக்கும் நீண்ட மகஜர்களில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

ஐரோப்பாவில் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. ஊரிலுள்ள பாடசாலையொன்றிலிருந்து பிள்ளைகளை அழைக்க நினைத்தால், கலைவிழாவுக்கு வருகை என்று பொதுப்படையாக எழுதாதீர்கள். உண்மையிலேயே கற்கக்கூடிய ஒரு நிகழ்ச்சித்திட்டத்தை, முடிந்தால் உள்ளூர்ப் பாடசாலை ஒன்றுடன் இணைந்து வகுத்து, திகதி வாரியாகக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். துணைவரும் ஆசிரியரின் பெயரையும் அதே கடிதத்தில் சேருங்கள். 16ஆவது உறுப்புரையின் பிரதி ஒன்றை விண்ணப்பத்துடன் இணைத்து அனுப்புங்கள்.