வேடிக்கையும் கணக்கும்



உழைப்பு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது ஓய்வு. குடும்பமாகக் கூடிக் கண்டு களிப்பதும், நல்லுணவு உண்டு மகிழ்வதும் குற்றமாகா. ஆயினும், களிப்பையே சரக்காக்கிக் கடை விரித்திருக்கும் ஓர் ஊருக்குள் நுழையுமுன், அக்கடையின் கணக்கை அறிந்துகொள்வது நலம். அமெரிக்காவில் பணியாற்றும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் பலரும் இன்று அழைத்துச் செல்லப்படும் லாஸ் வேகாஸ் நகரைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

லாஸ் வேகாஸ் என்பதற்கு ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்பது பொருள். ஊற்று நீரால் பசுமை கண்ட அவ்விடத்தைச் சுற்றியிருப்பதோ, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 4 அங்குல மழையே பெறும் பாலைவனம். நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிற்று. 1941-இல், நகர எல்லைக்குப் புறத்தே நெடுஞ்சாலை ஓரத்தில் எல் ராஞ்சோ வேகாஸ் என்னும் விடுதி எழுந்தது. இன்று ஸ்ட்ரிப் என வழங்கும், 4 மைலுக்குச் சற்றே மிகுந்த நீளமுள்ள விடுதி வீதிக்கு அதுவே தொடக்கம்.

அவ்வீதியில் உணவு முதன்முதலில் தூண்டில் இரையாகவே வைக்கப்பட்டது. சூதாட வந்தவர் பசியால் எழுந்து வேறிடம் சென்றுவிடலாகாது என்று, ஒரு டாலருக்கு வேண்டியமட்டும் உண்ணலாம் என்னும் பஃபே விருந்தை எல் ராஞ்சோ 1940-களில் தொடங்கியது. ஏனைய விடுதிகளும் அவ்வழியே சென்றன. விருந்தில் நேர்ந்த நட்டத்தைச் சூதாட்ட மேசை ஈடுசெய்தது. பின்னர்க் காலம் மாறிற்று. 1992-இல் புகழ்பெற்ற சமையற்கலைஞர் வூல்ஃப்கேங் பக் அங்கே ஸ்பாகோ என்னும் உணவகத்தைத் திறந்தபின், பெயர்பெற்ற சமையற்கலைஞர் பலரும் அவ்வூரை நாடினர். 1990-களின் இறுதிக்குள், சூதாட்டத்தால் வரும் வருவாயைவிட அறை, உணவு, கலைநிகழ்ச்சி ஆகியவற்றால் வரும் வருவாயே ஸ்ட்ரிப் வீதியில் மிகுந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப்பின் பஃபே விருந்துகள் பல மூடப்பட்டன. எஞ்சியவை மலிவானவை அல்ல. அறை வாடகைக்கு மேலாக நாள்தோறும் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்றைப் பல விடுதிகள் வாங்குகின்றன. ஆதலின், அறை வாடகையை மட்டும் கணக்கிட்டுப் பயணத்தைத் திட்டமிடலாகாது.

சூதாட்ட மேசையின் கணக்கைச் சற்று விரிவாகவே காண்போம். ரூலெட் என்னும் சுழல்சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள் உள்ளன. அவற்றோடு ஒற்றைச் சுழியமும் இரட்டைச் சுழியமும் சேர, மொத்தம் 38 அறைகள். ஒருவர் எல்லா அறைகளிலும் அறைக்கு ஒரு டாலராக 38 டாலர் வைப்பதாகக் கொள்வோம். குண்டு எந்த அறையில் விழுந்தாலும் அவர் வென்றவரே! வென்ற ஒரு டாலரோடு பரிசாக 35 டாலர் சேர்த்து, 36 டாலர் அவர் கைக்கு வரும். ஒவ்வொரு முறை வெல்லும்போதும் அவர் 2 டாலரை இழக்கிறார். மூன்று சுழியங்கள் உள்ள சக்கரங்களும் அங்கு இன்று உண்டு. அவற்றில் இழப்பு 3 டாலர். இதில் மோசடி ஏதுமில்லை. சக்கரம் நேர்மையாகவே சுழல்கிறது. இழப்பு விதியிலேயே அமைந்திருக்கிறது. ஓரிரவு ஒருவருக்கு அதிர்ஷ்டம் வாய்க்கலாம். பல்லாயிரம் இரவுகளின் கூட்டுத்தொகையோ எப்போதும் விடுதியின் பக்கமே நிற்கும்.

ஆகவே, வருவோர் கணக்குப் பாராதிருத்தலே அவ்வாணிகத்திற்கு உகந்தது. சூதாட்டக் கூடங்களில் கடிகாரம் காண்பது அரிது. வெளியொளி காட்டும் சாளரமும் அரிது. பணத்திற்கு மாற்றாக வண்ண வில்லைகள் தரப்படுகின்றன. வில்லையை இழக்கும்போது பணத்தை இழக்கும் வலி தோன்றுவதில்லை. ஆடிக்கொண்டிருப்போருக்கு மதுவும் இலவசமாக வரும். உணவகத்திற்கோ அரங்கத்திற்கோ செல்லும் வழியும் பெரும்பாலும் சூதாட்ட இயந்திரங்களின் ஊடே செல்வதாக இருக்கும். விமான நிலையத்திலேயே அவ்வியந்திரங்கள் வரவேற்கின்றன.

எனினும், காசின்றிக் கண்டு களிக்கத்தக்கவையும் அங்கு உள. 1998-இல் திறக்கப்பட்ட பெல்லாஜியோ விடுதியின் முன்னே, ஏறத்தாழ 8 ஏக்கர் பரப்புள்ள செயற்கை ஏரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்த்தாரைகள் இசைக்கேற்ப எழுந்தாடுகின்றன. சாலையோரத்தில் நின்று எவரும் அதனைக் காணலாம். 1959-இல் பெட்டி வில்லிஸ் என்னும் பெண்மணி வடிவமைத்த வரவேற்புப் பலகையைக் காணவும் கட்டணமில்லை.

வேடிக்கை காணும் நாம், அதனை நடத்துவோரையும் காண வேண்டும். 1950-களில் நாட் கிங் கோல், சாமி டேவிஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் அவ்வரங்குகளில் பாடிக் கைதட்டல் பெற்றனர். ஆனால் அதே விடுதிகளில் தங்கக் கறுப்பினத்தாருக்கு இடமில்லை. நகரின் மேற்குப் பகுதியில் இருந்த தம்மினத்தார் குடியிருப்புக்குத்தான் இரவு உறங்கச் செல்ல வேண்டியிருந்தது. கறுப்பின மக்கள் பேரணி நடத்தப் போவதாக அறிவித்த பின்னரே, 1960 மார்ச்சில் கதவுகள் திறக்கப்பட்டன. பின்னர், 1991 செப்டம்பரில் ஃபிரண்டியர் விடுதியின் பணிப்பெண்களும் சமையற்காரர்களும் பரிமாறுவோருமாக ஏறத்தாழ 550 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினர். 6 ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் குளிரிலும் அவ்வாயிலில் நின்றனர். 1998-இல் விடுதி கைமாறிய பின்னரே நியாயம் பெற்றுப் பணிக்குத் திரும்பினர். நம் படுக்கையை விரித்து, நம் எச்சிற்கலத்தைக் கழுவும் கைகளுக்கு இத்தகைய வரலாறு உண்டு. அவர்களிடம் ஒரு கனிவான சொல்லும், அந்நாட்டு வழக்கப்படி கொடுக்கும் அன்பளிப்பும் நம் பயணச் செலவில் முதலிடம் பெறட்டும்.

அவ்வீதிக்கு அருகிலேயே, 1963-இல் கட்டப்பெற்ற காவல் தூதர் பேராலயம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலிக்கு வருவோருள் சுற்றுலாப் பயணிகள் மிகப் பலர். காணிக்கைத் தட்டில் நாணயத்தோடு சூதாட்ட வில்லைகளும் விழுவது அங்கு வழக்கம். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் வாய்ப்பு விளையாட்டைத் தன்னிலேயே அநீதி என்று கூறவில்லை. தனக்கோ பிறருக்கோ வாழ்வுக்குத் தேவையானதை அது பறிக்கும்போதுதான் தவறாகிறது என்றும், அதன்மீது கொள்ளும் மோகம் மனிதனை அடிமையாக்கக்கூடும் என்றும் எச்சரிக்கிறது.

ஆகவே, அங்குச் செல்லும் குடும்பத்தார் புறப்படுமுன் ஒன்றாக அமர்ந்து, கலைநிகழ்ச்சிக்கு இவ்வளவு, விருந்துக்கு இவ்வளவு என வரையறுத்துக் கொள்க. வரையறுத்த தொகை தீர்ந்ததும் எழுந்துவிடுக. இழந்ததை மீட்கும் எண்ணத்தில் மீண்டும் மேசையை நாடுவதே வீழ்ச்சியின் முதற்படி. குடும்பத்தில் ஒருவர் இழப்பை மறைக்கவோ, கடன் வாங்கவோ தொடங்கியிருப்பின், அவரைக் கடிந்து ஒதுக்காமல், அன்போடு பேசித் தக்க உதவிக்கு அழைத்துச் செல்வது ஏனையோர் கடமை. பிள்ளையின் கல்விக்கும் முதியோரின் மருந்துக்கும் உரிய பணம் எந்தச் சக்கரத்தின்மீதும் சுழலாதிருக்குமாயின், நீரூற்றின் அழகை நிறைந்த மனத்தோடு கண்டு வீடு திரும்பலாம்.