கயிறு கட்டிய கதவு

நம் வணிகர்களின் சரக்கு வண்டிகளில், கதவு சரியாகச் சாத்தாமல் சாக்குக் கயிற்றால் இழுத்துக் கட்டியவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. "ஊருக்குள்தானே ஓடுகிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம்மவர் சொல்லும் சமாதானம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கத் தவறாத நாம், அந்தக் கதவோரம் உட்கார்ந்து வரும் சிப்பந்தியைக் கயிற்றை நம்பி அனுப்புவது முறையல்ல என்பது நம் கருத்து.

இத்தனைக்கும் பல வண்டிகளில் கோளாறு மிகச் சிறியது. கதவு விளிம்பிலுள்ள லாக்கிற்குள் கவை போல ஒரு கொக்கி இருக்கிறது. வண்டியின் தூணில் பதித்திருக்கும் ஸ்ட்ரைக்கர் என்ற இரும்பு வளையத்தை அது கவ்விக்கொள்கிறது. முதல் சத்தத்தில் அரைப் பூட்டு, இரண்டாவது சத்தத்தில்தான் முழுப் பூட்டு. அரைப் பூட்டில் கதவு மூடியதாகவே தோன்றும், அசைத்தால் ஆடும். சர்வதேசத் தரவிதிகளே அரைப் பூட்டிடம் முழுப் பூட்டின் பாதிப் பலத்துக்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. வளைவில் ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை சரிந்து அதன்மேல் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கதவு சாத்தவில்லை என்றால் ஓங்கி அறைவதுதான் நம் வழக்கம். அதை விடுத்து, கதவைத் திறந்து வைத்துத் திருப்புளியால் அந்தக் கொக்கியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். இரண்டு சத்தமும் சுருக்கென்று கேட்டு, கைப்பிடியை இழுத்ததும் கொக்கி விடுபட்டால் லாக்கில் குறையில்லை. (கொக்கியை விடுவிக்காமல் கதவைச் சாத்தினால் லாக் உடையும், கவனம்.) கொக்கி மந்தமாக நகர்ந்தால் உள்ளே பழைய கிரீஸ் புழுதியோடு இறுகியிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் புது கிரீஸ் தடவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

லாக் நன்றாக இருந்தும் கதவு பிடிக்கவில்லையா? பாதி திறந்த கதவின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. மூட்டை ஏற்றுபவர் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறும் வண்டிகளில் இது சகஜம். முதலில் கீலைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் ஸ்ட்ரைக்கர் இடம் மாறியிருக்கலாம். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, திருகுகளைச் சற்றே தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்தி, இறுக்கிச் சாத்திப் பார்க்க வேண்டும். திருகுகளை முழுதும் கழற்றக் கூடாது. சில வண்டிகளில் தூணுக்குள் இருக்கும் நட்டுத் தகடு உள்ளே விழுந்துவிடும்.

மளிகைக்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஆம்னி வேன் 2019-இல் தயாரிப்பு நின்ற பிறகும் நம்மிடையே ஓடத்தான் செய்கிறது. அதைப் போன்ற வண்டிகளின் தள்ளுக்கதவு ரோலர்களில் ஓடுகிறது. கீழ்த் தண்டவாளத்தில் வெங்காயச் சருகும், அரிசியும், சிந்திய சர்க்கரையும் சேரும். சர்க்கரை ஈரம் பட்டு இளகி, பிறகு கல்லாக இறுகும். கதவு கடைசி ஓர் அங்குலம் ஓடாது. கொக்கி ஸ்ட்ரைக்கரை எட்டவே எட்டாது. கடையைக் கூட்டும் நாளில் வாரம் ஒருமுறை இந்தத் தண்டவாளத்தையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடச் சொல்லலாம். மூட்டைகளைக் கதவில் சாய்க்காமல் ஒரு சாண் விட்டு அடுக்கச் சொல்வதும் முதலாளியின் வேலையே. ஓட்டுநரின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கதவு ஆடுகிறது என்று அவர் வந்து சொன்னால், 'உனக்கு இதே வேலை' என்று சிடுசிடுக்காமல் எழுந்து போய்ப் பாருங்கள்.

லாக்கின் உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருந்தாலோ கொக்கியின் பல் தேய்ந்திருந்தாலோ கிரீஸ் உதவாது, புது லாக்தான் போட வேண்டும். அது கைக்கு வரும்வரை வண்டியை நிறுத்திவிட்டு, ஒன்றிரண்டு நாள் வாடகை வண்டியில் சரக்கை எடுக்கலாம். அந்த வாடகையையும் லாக் வாங்கிய செலவோடு சேர்த்தே பற்று எழுதிக்கொள்ளுங்கள்.