கரை தெரியாத நாள்

பயண நூல்களில் நான் தேடிப் படிக்கும் பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலும் அது அங்கே இருப்பதில்லை. கப்பல் ஒரு துறைமுகத்தை விட்டு நீங்கி அடுத்த துறைமுகத்தை அடைவதற்குள் கழிந்த நாள்களைப் பற்றிய பகுதி அது. ஏடனில் என்ன வாங்கினோம், சூயசில் யார் ஏமாற்றினார்கள், நேப்பிள்சில் என்ன சாப்பிட்டோம் என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், இடையிலிருந்த கடலை ஒற்றை வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். நீரைத் தவிர வேறெதையும் காணவில்லை என்பதே அந்த வாக்கியத்தின் சாரமாக இருக்கும். நம் பயண இலக்கியத்தின் பெருங்குறைகளில் ஒன்று இது என்று வகுப்பிலும் நண்பர்களிடமும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். கப்பலில் ஏறாமலே சொல்லி வந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறும் வாய்ப்பு 2019 ஏப்ரலில் வந்தது. சிங்கப்பூரில் வாழும் என் அத்தான் பணி ஓய்வு பெற்றதைக் கொண்டாட, அக்காவும் அவரும் ஒரு நீண்ட உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தார்கள். குளிர்காலத்தை ஆசியக் கடல்களில் கழித்துவிட்டுக் கோடைக்கு மத்தியதரைக் கடலுக்குத் திரும்பும் கப்பல் அது. இப்படி இடம் மாறும் பயணங்களில் துறைமுகங்கள் குறைவு, கடல்நாள்கள் மிகுதி, கட்டணமும் குறைவு. ஓர் அறையில் மூன்றாவதாகத் தங்குபவருக்கு இன்னும் குறைவு. சுவரிலிருந்து இறக்கி விரிக்கும் மூன்றாவது கட்டில் எனக்குக் கிடைத்தது. (விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து எப்படித் தப்பினேன் என்பது தனிக் கதை.) கடல்வழிச் செலவு பெண்டிரோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியர் வகுத்த விதியை அக்காவிடம் சொன்னேன். "சீட்டு எடுத்தது நான், நினைவிருக்கட்டும்" என்றாள்.

கொச்சியை விட்டால் அடுத்த துறைமுகம் ஓமானின் சலாலா. இடையில் மூன்று நாள் கரை கிடையாது. நெய்தல் திணையைப் பற்றி ஒரு சிற்றிதழ் ஆசிரியருக்கு இரண்டு ஆண்டுகளாக வாக்களித்திருந்த கட்டுரையை அந்த மூன்று நாளில் எழுதி முடிப்பதாகத் திட்டம். நூறு பக்க நோட்டு ஒன்று, பேனா இரண்டு. சங்கப் புலவர்கள் கரையில் நின்று பார்த்த கடலை நான் நடுவில் இருந்து பார்த்து எழுதப் போகிறேன் என்ற இறுமாப்பும் கொஞ்சம் இருந்தது. நெய்தல் என்பது கடலின் இலக்கியம் அன்று, கரையின் இலக்கியம். போனவனைப் பற்றியதன்று, காத்திருப்பவளைப் பற்றியது. ஆகவேதான் அதன் உரிப்பொருள் இரங்கல் ஆயிற்று என்பது கட்டுரையின் மையக் கருத்து.

முதல் கடல்நாளில் ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் கடலன்று, ஒரு தாள். ஒவ்வோர் இரவும் மறுநாளின் நிகழ்ச்சி நிரலை அறைக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். காலை ஏழு மணிக்கு மேல்தளத்தில் நடைப்பயிற்சி, ஒன்பதுக்குப் பொது அறிவுப் போட்டி, பத்துக்குக் குளியல் துண்டை யானையாகவும் குரங்காகவும் மடிக்கக் கற்றுத்தரும் வகுப்பு, பதினொன்றுக்கு நடனப் பயிற்சி, பிற்பகலில் பிங்கோ, பிறகு ஓவிய ஏலம், தேநீர், இசை, நாடகம், நள்ளிரவு வரை ஏதேனும் ஒன்று. இவற்றுக்கு இடையே காலை உணவு, முற்பகல் உணவு, மதிய உணவு, மாலை உணவு. நான் இவற்றையெல்லாம் ஏளனம் செய்கிறவன் என்றுதான் என்னை நம்பிக்கொண்டிருந்தேன். பொது அறிவுப் போட்டியில் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று போனேன். பிறகு அத்தானுக்குத் துணையாக பிங்கோ. துண்டு யானையையும் மடித்தேன். என் யானைக்குத் துதிக்கை நிற்கவில்லை. இரவு கட்டிலில் ஏறிப் படுத்தபோது ஒன்று புலப்பட்டது. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நடுக்கடலில் விழித்திருந்தும், கடலைப் பார்த்தது மதிய அறிவிப்பு வந்த நேரத்தில் மட்டுமே. நண்பகலில் மாலுமித் தலைவர் கப்பல் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் வேகம், அடியிலுள்ள ஆழம் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் சொல்வார். ஆழம் நான்காயிரம் மீட்டருக்கு மேல் என்றதும் எல்லோரும் ஒரு கணம் சன்னல் பக்கம் திரும்பினோம். பிறகு உணவுத் தட்டுகளுக்குத் திரும்பினோம்.

உல்லாசக் கப்பல் விற்பது கடலை என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அது விற்பது கடலிலிருந்து காக்கும் காப்பீட்டை என்றே எனக்குத் தோன்றியது. வெற்றுப் பகல் ஒன்று பயணியின் முன் வந்து நின்றுவிடக் கூடாது என்பதில் அந்தக் கப்பலுக்கு இருந்த அக்கறை, புயலில் சிக்கிவிடக் கூடாது என்ற அக்கறைக்குக் குறைந்ததன்று.

அந்த வெற்றுப் பகல் ஒரு காலத்தில் இருந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்த இதே அரபிக்கடலில், 1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து 'பில்ஸ்னா' என்ற கப்பல் வெனிசுக்குப் புறப்பட்டது. அதில் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கச் சென்ற பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் இருந்தார். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர். எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குறுமீனாகச் சுருங்கி நிலைகொள்வதற்கு அதன் நிறை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற முடிவை அவர் அந்தப் பயணத்தில்தான் கணக்கிட்டு அடைந்தார். இன்று சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று குறிக்கப்படும் அந்த வரம்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. நோபல் பரிசு வர 1983 வரை காத்திருக்க நேர்ந்தது.

அவருக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால், 1921இல், இங்கிலாந்திலிருந்து 'நார்க்குண்டா' கப்பலில் இதே வழியாகத் திரும்பியவர் அவருடைய சித்தப்பா சி.வி. இராமன். கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்பது இராலே பிரபு சொல்லி வைத்த விளக்கம். இராமன் கப்பல் தளத்தில் நின்று ஒரு நிக்கல் பட்டகத்தின் வழியே நீரைப் பார்த்தார். எதிரொளிக்கும் வானொளியை அது தடுத்துவிடும். தடுத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. நீர் தானே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அவர் எழுதிய குறிப்பு அவ்வாண்டு நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1928இன் கண்டுபிடிப்புக்கு இட்டுச் சென்ற பாதையின் தொடக்கங்களில் ஒன்று அது. எல்லாப் பயணிகளும் பார்த்த நீலந்தான். அவர் இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தார்.

வேறு கடல்களிலும் இது நடந்திருக்கிறது. 1909 நவம்பர் 13 முதல் 22 வரை, இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் 'கில்டோனன் காசில்' கப்பலில், கப்பலின் கடிதத் தாள்களிலேயே காந்தி 'இந்து சுயராஜ்ய'த்தை எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் உதித்தது. அன்று அக்டோபர் 2. படம் 1940இல் வெளிவந்தது. எத்தனையோ நாடுகளைப் பற்றி எழுதிய நம் பயண எழுத்தாளரின் வாழ்வில் மிகப் பெரிய செயல், எந்த நாட்டிலும் தொடங்கவில்லை. இரண்டு நாடுகளுக்கு இடையில் தொடங்கியது.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, மேதைகளைக் காட்டி மிரட்டாதீர்கள், வேறு போக்கிடம் இல்லாததால் அவர்கள் வேலை செய்தார்கள், அவ்வளவே என்றார். பாதி உண்மை. சும்மா இருந்தால் சிந்தனை பிறந்துவிடும் என்பது சோம்பேறிகளின் நம்பிக்கை. இராமன் பட்டகத்தைக் கையோடு கொண்டு போனார், சந்திரசேகர் தம் கணக்குகளைக் கொண்டு போனார், காந்தி இலண்டனில் நடத்திய விவாதங்களின் சூட்டோடு கப்பலேறினார். சுமை அவர்களுடையது. கப்பல் செய்தது ஒன்றே ஒன்று: பகலை அவர்களிடமே விட்டுவிட்டது.

நண்பர் சொல்லாத இன்னொரு மறுப்பையும் நானே சொல்லிக்கொள்ள வேண்டும். இவர்களில் யாரும் டெக் பயணியாகப் போனவர்கள் அல்லர். 1926இல் கட்டப்பட்டு, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜூலா'வில் தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தளத்தில் படுத்துப் போனவர்களுக்கும் கடல்நாள் உண்டு. என் தாய்வழித் தாத்தா அப்படிப் போனவர். கடல் எப்படி இருந்தது என்று சிறுவனாகக் கேட்டபோது, பக்கத்தில் படுத்திருந்தவரின் வாந்தியைப் பற்றி மட்டும் சொன்னார். வெற்றுப் பகல் என்பதும் ஒரு வகுப்புச் சீட்டுத்தான் போலும் என்ற ஐயம் எனக்கு அப்போது எழவில்லை. சாப்பாட்டு அறையில் எழுந்தது.

எங்கள் மேசைக்குப் பரிமாறிய இளைஞர் மணப்பாட்டுக்கு அருகே ஒரு மீனவ ஊரைச் சேர்ந்தவர். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டபின், மேலாளர் அருகில் இல்லாதபோது தமிழில் பேசுவார். முதல் கடல்நாளின் இரவு உணவின்போது, இன்று உங்களுக்கும் ஓய்வு இருந்திருக்குமே, கரை இல்லையே என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"கடல்நாள்னா எங்களுக்கு ரெட்ட வேலை சார். துறைமுகம்னா நீங்கல்லாம் எறங்கிப் போயிருவீங்க. சாப்பாட்டு ரூம் காத்தாடும். இன்னைக்கு மூணு வேளையும் எல்லாரும் இங்கதானே."

கப்பல் பணியாளர்களுக்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது 2013 முதல் நடைமுறையில் உள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்து மணியையும் இரண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு துண்டு ஆறு மணிக்குக் குறையாமல் இருந்தால் போதும். மேற்கே போகிற கப்பலில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவார்கள். இந்தியாவுக்கும் ஓமானுக்கும் ஒன்றரை மணி வேறுபாடு. முதல் இரவு அரை மணி, அடுத்த இரவு ஒரு மணி. எங்களுக்கு அது கூடுதல் தூக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் பார் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும் என்றார் அவர்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. "எங்கப்பா கட்டுமரத்துல போனவரு. எப்பவும் கடலத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் எட்டு மாசமா கடல்ல கெடக்கேன். ரூமு கீழ, சன்னல் கெடையாது. வேலை இங்க. கடலப் பாத்தது கொஞ்சந்தான்." தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேட்டார்: "இன்னைக்குக் கடல் எப்படி சார் இருந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. நன்றாக இருந்தது என்றேன்.

மறுநாள் நிரல் தாளைப் பிரிக்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு பத்தாம் தளத்துக்குப் போனேன். கட்டுரைக்காக அன்று, கேட்டால் சொல்ல வேண்டுமே என்பதற்காக. முதல் ஒரு மணி நேரம் தாங்க முடியாததாக இருந்தது. கை தானாகச் சட்டைப் பையில் கைப்பேசியைத் தேடியது. நீர்மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில் நின்றால் தொடுவானம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கும். நாம் எல்லையற்றது என்று வருணிப்பது அவ்வளவுதான், ஒரு சிற்றூரிலிருந்து அடுத்த நகரத்துக்குப் பேருந்தில் போகும் தூரம். அந்த வட்டத்தின் நடுவிலேயே கப்பல் எப்போதும் இருந்தது. எவ்வளவு ஓடியும் நடுவை விட்டு நகரவில்லை. பருவக்காற்றுக்கு முந்தைய கடல், எண்ணெய் வார்த்ததுபோல் கிடந்தது. பத்து மணிக்குமேல் நீலம் கறுத்தது. கப்பல் கிழிக்கும் நீரிலிருந்து மீன்கள் எழுந்து, நான் எண்ணிப் பார்க்க, எட்டு, ஒன்பது விநாடி பறந்து மீண்டும் அமிழ்ந்தன. பிற்பகலில் ஓர் எண்ணெய்க் கப்பல் வட்டத்தின் விளிம்பில் தோன்றி, ஒரு மணி நேரத்துக்குப் பின் வேறொரு விளிம்பில் மறைந்தது. இவற்றை எழுதி வைத்தேன். நான்கு பக்கம் வந்தது. அவற்றில் நெய்தல் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்றிரவு கடற்கொள்ளையர் அச்சத்தின் பொருட்டு மேல்தள விளக்குகளை அணைத்திருந்தார்கள். அதனால் விண்மீன்கள் தெரிந்தன. அதுவரை கப்பலின் வெளிச்சமே அவற்றை மறைத்திருக்கிறது. கொள்ளையருக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன்.

அதற்கு முன், இரவு உணவின்போது, அவர் கேட்பதற்குள் நானே தொடங்கினேன். அலையில்லாத நீர், கறுத்த நீலம், எண்ணெய்க் கப்பல், பறக்கும் மீன்கள் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பறவைக்கோலா" என்றார் அவர், தட்டை வைத்தபடி. இருபது ஆண்டுகளாக நெய்தல் திணைக்குக் கருப்பொருள் பட்டியல் நடத்தி வருகிறவன், அந்தப் பெயரை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"காத்து எங்கேருந்து சார்? கச்சான் இன்னும் எடுக்கலையா?"

மாலுமித் தலைவர் நண்பகலில் காற்றைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தார். எனக்கு நினைவில்லை. நான் அத்தானைப் பார்த்தேன், அத்தான் அக்காவைப் பார்த்தார். அதற்குள் பக்கத்து மேசையிலிருந்து யாரோ கை உயர்த்த, அவர் போய்விட்டார்.